வெள்ளை ஸ்விஃப்டை போட்டோவில் மெரூனாக்கணும், ஜிம்ப்பில் பிங்க் தான் வருகிறது. உதவி தேவை

ஸ்ப்ரேகன்:
வணக்கம். திருப்பூரில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறோம். ஒருவர் தன் வெள்ளை மாருதி ஸ்விஃப்டை முழுசாக மெரூனுக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறார், ஆனால் அடிக்கிறதுக்கு முன்னால் எப்படி இருக்கும் என்று போட்டோவில் பார்த்தே ஆகணுமாம். யூடியூபில் பார்த்த வீடியோவில் சிவப்பு வண்டியை ஹ்யூ-சாச்சுரேஷன் (நிறம், நிற அடர்த்தி) ஸ்லைடரை ஒரு இழு இழுத்து நீலமாக்கிவிட்டார்கள். நான் ஜிம்ப் என்ற இலவச படத் திருத்த மென்பொருளில் அதையே செய்தால், ஹ்யூவை எந்தப் பக்கம் இழுத்தாலும் வண்டி வெள்ளையாகவே நிற்கிறது. சாச்சுரேஷனை ஏற்றினால் பானெட் மேலும் கூரை மேலும் மட்டும் நீலத் திட்டு, கதவுக்குக் கீழே மஞ்சள் பாய்ந்த மாதிரி. கலரைஸ் (எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் ஏற்றும் கருவி) போட்டால் ஐஸ்கிரீம் பிங்க். போட்டோஷாப் இல்லை, வாங்குவதாகவும் இல்லை. என்ன செய்யலாம்?

திண்ணைத்தம்பி:
எதுக்கு இவ்வளவு கஷ்டம், ஏதாவது ஏஐ ஆப்பில் போட்டு "வண்டியை மெரூன் ஆக்கு" என்று சொல்லுங்க, பத்து நொடியில் வந்துவிடும்.

ஸ்ப்ரேகன்:
அதையும் பார்த்தேன் தம்பி. நிறம் பிரமாதமாக வந்தது, கூடவே அலாய் வீல் வேற டிசைனாகி, நம்பர் பிளேட்டில் புரியாத கிறுக்கல் வந்து, பின் கதவில் இருந்த நசுங்கலும் காணாமல் போய்விட்டது. அந்த நசுங்கலுக்குத்தான் நான் தனியாக எஸ்டிமேட் கொடுத்திருக்கிறேன்.

லேயர்லட்சுமி:
நீங்கள் செய்ததில் தப்பில்லை, கருவிதான் இந்த வேலைக்கு ஆகாது. ஹ்யூ ஸ்லைடர் ஏற்கெனவே இருக்கிற நிறத்தைச் சுழற்றும், அவ்வளவுதான். வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் சுழற்ற அங்கே ஒன்றும் கிடையாது. நீங்கள் பார்த்த நீலத் திட்டு வானம், கீழே உள்ள மஞ்சள் தரை மண். வண்டி பளபளப்பாக இருப்பதால் இரண்டும் லேசாகப் பிரதிபலிக்கின்றன, சாச்சுரேஷன் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கலரைஸ் நிறம் ஏற்றும், ஆனால் வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடும். அவ்வளவு வெளிச்சமான சிவப்பு என்றால் அது பிங்க் தானே.

உங்களுக்கு வேண்டியது மல்டிப்ளை, அதாவது மேலே உள்ள நிறத்தைக் கீழே உள்ள படத்தோடு பெருக்கிக் கலக்கும் முறை. முதலில் புள்ளி வைத்துக் கோடு வரைகிற பாத் டூலை எடுத்து வண்டியின் உடலை மட்டும் சுற்றி வரையுங்கள், கண்ணாடி, டயர், லைட், கிரில், நம்பர் பிளேட், கதவோரக் கறுப்பு ரப்பர் எல்லாம் வெளியே. இதில்தான் நேரம் போகும், ஒரே மாதிரி நிறத்தைத் தானாகப் பிடிக்கும் மேஜிக் வாண்ட் எடுத்து ஏமாற வேண்டாம், வெள்ளை வண்டிக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் அது சுவரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். பாத்தை செலக்‌ஷனாக்கி, மேலே ஒரு புது லேயர் (படத்தின் மேல் வைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) போட்டு மெரூன் நிரப்பி, லேயர் மோடை மல்டிப்ளைக்கு மாற்றி, அந்த செலக்‌ஷனையே லேயர் மாஸ்க்காகச் சேர்த்துவிடுங்கள். மாஸ்க்கில் வெள்ளை இருக்கிற இடத்தில் நிறம் தெரியும், கறுப்பு இருக்கிற இடத்தில் மறையும். தவறிப்போன இடத்தை பிரஷ்ஷால் எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம், அசல் படத்தில் கை வைக்கவே வேண்டாம்.

கணக்கு தெரிந்தால் பயம் போய்விடும். மல்டிப்ளை என்பது மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் பெருக்கி 255 ஆல் வகுப்பது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண், 0 இருட்டு, 255 முழு வெளிச்சம். மெரூன் 140, 20, 30 என்று வையுங்கள். கதவில் வெயில் படுகிற இடம் 230 என்றால் 126, 18, 27 ஆகும். சக்கரத்துக்கு மேல் நிழல் 100 என்றால் 55, 8, 12. வெளிச்சம், நிழல், கதவு இடுக்கு எல்லாம் தன் இடத்திலேயே இருக்க, நிறம் மட்டும் மாறுகிறது.

ஸ்ப்ரேகன்:
அருமை அக்கா, மெரூன் வந்துவிட்டது! ஆனால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கிறது. கிளியர் கோட் (மேலே அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடிக்காத பேஸ் கோட்டை பெயின்ட் பூத்தில் பார்த்தால் எப்படி இருக்குமோ அதே மாதிரி செத்துக் கிடக்கிறது.

லேயர்லட்சுமி:
பெயின்டர் கண் சரியாகப் பிடித்துவிட்டது. மல்டிப்ளையில் 255 வெள்ளை கூட 140, 20, 30 ஆகிவிடும், அதாவது வெயில் அடித்து மின்னுகிற புள்ளியும் மெரூன் ஆகிவிட்டது. நிஜ வண்டியில் அந்த மினுக்கம் கிளியர் கோட்டின் மேலேயே திரும்பி வருகிற வெளிச்சம், கீழே என்ன நிறம் இருந்தாலும் அது வெள்ளையாகத்தான் இருக்கும். ஆகவே அசல் லேயரை ஒரு காப்பி எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள், வெளிச்ச அளவைச் சரிசெய்யும் லெவல்ஸில் இடது பக்கக் கறுப்பு முக்கோணத்தை 210, 220 வரை தள்ளினால் மிகவும் பிரகாசமான இடங்கள் மட்டும் மிஞ்சும், மீதி கறுப்பாகிவிடும். அந்த லேயர் மோடை ஸ்க்ரீன் (மல்டிப்ளைக்கு நேரெதிர், வெளிச்சத்தைக் கூட்டும்) ஆக்கி அதே மாஸ்க்கைக் கொடுத்து, லேயர் எவ்வளவு தெரிய வேண்டும் என்கிற ஒபாசிட்டியைக் குறைத்துப் பாருங்கள். இந்தக் காப்பியில் நிறத்தை எடுத்துவிடாதீர்கள், வானத்தின் லேசான நீலம் பானெட்டில் இருந்தால்தான் உயிர் இருக்கும்.

ஸ்ப்ரேகன்:
கதவுப் பக்கம் நன்றாக வருகிறது. பானெட் முழுக்க வெளுத்துப்போகிறது.

நிழல்படக்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். உச்சி வெயிலில் எடுத்த படம் என்று நினைக்கிறேன். பானெட் முழுவதுமே 250க்கு மேல் எரிந்து போயிருந்தால் எது மினுக்கம் எது பெயின்ட் என்று பிரிக்க படத்தில் தகவலே இல்லை, எந்த மென்பொருளும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. வண்டி உங்கள் பட்டறையில்தானே நிற்கிறது? காலையில் நிழலில் நிறுத்தி, போனில் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு மறுபடி எடுங்கள். வெள்ளை வண்டி லேசான சாம்பலாக, 200க்கு அருகில் தெரிகிற மாதிரி. பார்க்க மந்தமாக இருக்கும், மெரூன் ஏற்ற அதைவிட நல்ல படம் கிடையாது. அப்புறம் வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பி வாங்காதீர்கள், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சுருக்கித் தள்ளிவிடும்.

கறுப்புக்குதிரை:
இதே இழையில் கேட்டுக்கொள்கிறேன். என் வண்டி கறுப்பு. மல்டிப்ளையில் சிவப்பு, மஞ்சள் எது போட்டாலும் கறுப்பாகவே இருக்கிறதே?

லேயர்லட்சுமி:
அந்தக் கணக்கையே போட்டுப் பாருங்கள், 20ஐ எதோடு பெருக்கி 255 ஆல் வகுத்தாலும் 20ஐத் தாண்டாது. முதலில் கர்வ்ஸில் (வெளிச்சத்தை வளைகோட்டால் ஏற்றி இறக்கும் கருவி) உடலை மட்டும் சாம்பல் வரைக்கும் தூக்கி, அதற்குப் பிறகுதான் நிறம். ஆனால் ஜேபெக்கில் இருட்டை அவ்வளவு தூக்கினால் படத்தைச் சுருக்கும்போது விழுந்த 8க்கு 8 கட்டங்கள் பல்லைக் காட்டும். அடர் நீலம், அடர் பச்சை என்றால் முயலலாம். மஞ்சள் வேண்டும் என்றால் அதே மாடல் வெள்ளை வண்டிப் படம் ஒன்றைத் தேடிக்கொள்வது மேல்.

திண்ணைத்தம்பி:
அப்போ சிவப்பு வண்டிக்கு ஹ்யூ ஸ்லைடர் போதும்தானே? நான் ஒரு சிவப்பு வண்டியை மஞ்சளாக்கினேன், கடுகு அரைத்துப் பூசின மாதிரி வந்தது.

லேயர்லட்சுமி:
போதாது. ஹ்யூ மட்டும் மாறினால் நிழலும் மினுக்கமும் சிவப்புக்கு உரிய அளவிலேயே நின்றுவிடும். நம் கண்ணுக்கு சுத்தமான மஞ்சள் சுத்தமான சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் வெளிச்சம். திரையின் கணக்கில் சிவப்பின் பங்கு சுமார் 21 சதவீதம், பச்சை 72, நீலம் 7, மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. ஆகவே ஹ்யூ மாற்றிய பிறகு கர்வ்ஸில் நடுப்பகுதியைத் தூக்குங்கள். பின் விளக்கையும் மாஸ்க்கில் மறைக்க மறக்க வேண்டாம், மஞ்சள் பிரேக் லைட்டோடு நிறைய படங்கள் உலாவுகின்றன.

ஸ்ப்ரேகன்:
காலையில் நிழலில் எடுத்த படத்தில் செய்தேன், வாடிக்கையாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஷேடு கார்டைக் கையில் கொடுத்துத்தான் பேசினேன், மெட்டாலிக் மெரூன் நேராகப் பார்த்தால் ஒரு மாதிரி, சாய்த்துப் பார்த்தால் இன்னொரு மாதிரி, அது எந்தத் திரையிலும் வராது என்று சொல்லிவிட்டேன். ஆர்.சி.யில் நிறத்தை மாற்றிப் பதிய வேண்டும் என்பதையும். ஒன்றே ஒன்று பாக்கி: சைடு மிரரையும் கூரையையும் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது.

நிழல்படக்காரன்:
மாஸ்க் ஒரு நூல் உள்ளே நிற்கிறது. வெளிர் நிறத்தை அடர் நிறமாக்கும்போது அந்த இடைவெளி பளிச்சென்று தெரியும். மாஸ்க்கை செலக்‌ஷனாக்கி, செலக்ட் மெனுவில் க்ரோ (விரிவாக்குதல்) ஒரு பிக்சல், ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்குதல்) ஒரு பிக்சல், மாஸ்க்கின் மேல் வெள்ளை நிரப்புங்கள். ஸ்க்ரீன் லேயரின் மாஸ்க்குக்கும் அதையே செய்யுங்கள். அப்புறம் கதவைத் திறந்தால் தெரிகிற உள் விளிம்பு வெள்ளையாகவே இருக்கப்போகிறதா, அதையும் அடிக்கப்போகிறீர்களா என்று கேட்டுவிட்டு மாஸ்க்கை முடியுங்கள்.

ஸ்ப்ரேகன்:
உள் விளிம்புக்குத் தனி ரேட். கேட்டுவிடுகிறேன்.