பொருள்: ஆடவர் 4×100 மீ. ஃப்ரீஸ்டைல் ரிலே – தமிழில் எப்படி எழுதலாம்?

நீச்சல் பயிற்சியாளர், ரேஸ்கோர்ஸ், மதுரை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான நீச்சல் போட்டிக்கு நிகழ்ச்சி நிரலும் விதிமுறைத் தாளும் தமிழில் அடிக்கிறோம். வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். மற்ற வரிகளை ஒப்பேற்றிவிட்டேன். 'ஆடவர் 4×100 ஃப்ரீஸ்டைல் ரிலே' என்ற வரியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

'தொடர் நீச்சல்' என்று எழுதிக் காட்டினேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், "எத்தனை மணி நேரம் சார் விடாம நீந்தணும்?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். விடாமல் நெடுநேரம் நீந்துவதைத்தானே செய்தித்தாளில் அப்படி எழுதுகிறார்கள்?

விதி இதுதான். நான்கு பேர், ஆளுக்கு 100 மீட்டர். நீந்தி வருகிறவரின் கை சுவரைத் தொடும்வரை, மேலே நிற்பவரின் கால் மேடையை விட்டு எழும்பக் கூடாது. உடம்பை முன்னால் சாய்க்கலாம், கையை வீசலாம், கால் மட்டும் ஒட்டியிருக்க வேண்டும். முந்தி எழும்பினால் மொத்த அணிக்கும் தகுதி போய்விடும். பெயரைக் கேட்டதும் பிள்ளைக்கு இது பிடிபட வேண்டும். உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்

பயிற்சியாளர் தம்பிக்கு,

'தொடர்நீச்சல்' சரியான சொல். சேர்த்து எழுதுங்கள், அது வினைத்தொகை. தொடர்ந்த நீச்சல், தொடர்கிற நீச்சல், தொடரும் நீச்சல் என்று மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது. முதலாமவர் முடித்தது, இரண்டாமவர் நீந்திக்கொண்டிருப்பது, மூன்றாமவர் நீந்தப்போவது எல்லாம் ஒரே சொல்லில் அடங்கிவிட்டது. வேறு எந்த மொழியில் இந்த வசதி கிடைக்கும்? 'தொடர்கதை'க்கு ஒற்று மிகாதது போலவே 'தொடர்போட்டி'க்கும் மிகாது. அச்சகத்தில் 'தொடர்ப்போட்டி' என்று போட்டுவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 'தொடர்' பிறந்தது 'தொடு' என்ற வேரில். ஒன்றை ஒன்று தொட்டு நிற்பதே தொடர். பூவும் பூவும் தொட்டால் தொடை, தொடையல், தொடலை. கையைத் தொட்டு வளைவது தொடி. அம்பை நாணில் தொடுக்கிறோம், வழக்கை மன்றத்தில் தொடுக்கிறோம். நீங்கள் சொன்ன விதியின் உயிரே தொடுதல்தானே? அது சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், கே.கே. நகர், மதுரை

ஐயா, வேர் விளக்கம் அருமை. ஆனால் அந்தப் பையன் வேரைப் பார்த்துப் படிக்கப்போவதில்லையே. 1994-இல் குற்றாலீசுவரன் பாக் நீரிணையை நீந்திக் கடந்தபோது அவருக்கு வயது 12. 'தொடர்ந்து நீந்தினார்' என்று சொன்னால் நம் மனத்தில் எழுவது அந்தப் படம்தான். போதாததற்கு கிரிக்கெட்காரர்கள் 'தொடர்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. ஐந்து ஆட்டம் கொண்டது ஒரு தொடர். 'ஆடவர் நீச்சல் தொடர்' என்று பலகையில் எழுதினால் பல நாள் நடக்கப்போகிறது என்றே நினைப்பார்கள்.

ரிலேவுக்கு முன்னால் ஃப்ரீஸ்டைலைத் தீர்த்துக்கொள்வோம். 'கட்டற்ற நீச்சல்' என்று எழுதலாம். 'கட்டற்ற மென்பொருள்' இங்கே எல்லோருக்கும் பழகிய வழக்கு.

பயிற்சியாளர்

அம்மா, மென்பொருளுக்குச் சரி. குளத்தில் 'கட்டற்ற' என்றால் கட்டுப்பாடே இல்லை என்று ஆகிவிடும். உண்மையில் கட்டு இருக்கிறது. புறப்பட்ட பிறகும், ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும், 15 மீட்டருக்குள் தலை நீருக்கு மேலே வந்தாக வேண்டும். எந்த வகையில் நீந்துவது என்பது மட்டும்தான் நீந்துபவர் விருப்பம். மல்லாந்து நீந்தினாலும் தப்பில்லை. குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும் கிரால் வேகமானது என்பதால் எல்லோரும் அதையே நீந்துகிறார்கள். 'விருப்ப நீச்சல்' என்று போட்டுவிடவா?

பாசனப் பொறியாளர் (ஓய்வு), வாடிப்பட்டி

விருப்ப நீச்சலுக்கு என் ஓட்டு.

ரிலேவுக்கு நம் ஊர்ச் சொல் ஒன்று இருக்கும்போது ஏன் வெளியே தேட வேண்டும்? பெரியாறு பாசனத்தில் தண்ணீர் குறைந்தால் 'முறை வைத்து' விடுவோம். ஒரு மடை அடைத்த பிறகுதான் அடுத்த மடை திறக்கும். முந்தித் திறந்தால் பஞ்சாயத்துதான். அச்சாக உங்கள் விதி. 'முறைநீச்சல்' என்று வையுங்கள். மேலூரில் இருந்து சோழவந்தான் வரை எந்த வீட்டுப் பிள்ளைக்கும் புரியும்.

மொழிபெயர்ப்பாளர்

வயல் உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் புரியும். நகரத்துப் பிள்ளைக்கு 'முறையாக நீந்துவது' என்றுதான் கேட்கும். முறைமாமன், முறைப்பெண் வேறு இருக்கிறார்கள். 'கைமாற்று நீச்சல்' என்று யோசித்தேன், அதற்குள் வட்டியில்லாக் கடன் நினைவுக்கு வந்துவிட்டது.

பள்ளி நூலகர், யாழ்ப்பாணத்தில் படித்தவர், இப்போது திருநகர்

எங்கள் பள்ளிக்கூடங்களில் 'அஞ்சல் ஓட்டம்' என்றுதான் சொல்லுவோம். விளையாட்டுப் போட்டி நாளில் சின்னப் பிள்ளைக்கும் அந்தச் சொல் தெரியும். 'அஞ்சல் நீச்சல்' என்று எழுதினால் குழப்பமே இல்லை. விடாமல் நீந்துவது என்றோ பல நாள் போட்டி என்றோ யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தமிழாசிரியர்

அம்மையாருக்கு நன்றி. அஞ்சலின் ஆதிப் பொருளே இதுதான். திருவிதாங்கூரில் அஞ்சலோட்டக்காரர் மணி கட்டிய கோலோடு ஓடுவார். சத்தம் கேட்டால் வழிவிட வேண்டும். ஓர் எல்லைவரை ஓடி அடுத்தவரிடம் பையைக் கொடுப்பார். கிரேக்கத்தில் தூதருக்கு 'அங்கெலோஸ்' என்று பெயர், அங்கிருந்து வந்தது இது என்பாரும் உண்டு. நான் ஏற்கவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இன்று அஞ்சல் என்றால் தபால் நிலையம். நல்ல சொல், நம் பக்கம் கைவிட்டுப் போய்விட்டது.

பயிற்சியாளர்

ஐயா சொன்ன ஓட்டக்காரர் பையைக் கொடுக்கிறார். தடகளத்தில் கோலைக் கொடுக்கிறார்கள். நீச்சலில் கைமாற ஒரு பொருளும் கிடையாது. சுவரைத் தொட வேண்டும், அவ்வளவுதான். வெற்றியும் தோல்வியும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதே ரிலேயைப் பாருங்கள். அமெரிக்காவின் ஜேசன் லீசாக் கடைசி ஆளாகக் குதித்தபோது பிரான்சின் அலென் பெர்னார் அரை நொடிக்கு மேல் முன்னால் இருந்தார். லீசாக் தன் 100 மீட்டரை 46.06 நொடியில் முடித்தார். அமெரிக்கா 3:08.24, பிரான்ஸ் 3:08.32. நூறில் எட்டுப் பங்கு நொடியில் தங்கம் கைமாறியது. அதே போட்டியில் ஆஸ்திரேலியாவுக்கு முதலாவதாக நீந்திய ஈமன் சல்லிவன் 47.24 எடுத்தார். 100 மீட்டர் உலக சாதனை என்று அதைப் பதிந்தார்கள். லீசாக்கின் 46.06 அதைவிட வேகம், ஆனால் சாதனைக் கணக்கில் சேராது. முதலாமவர் ஒலி கேட்டபிறகு நின்ற நிலையில் இருந்து பாய்கிறார். மற்ற மூவரும் வருகிறவரைப் பார்த்துக்கொண்டே உடம்பை வீசிப் பாய்கிறார்கள், அதில் நேரம் மிச்சமாகிறது. 2024 தோகா உலக நீச்சல் போட்டியில் சீனாவின் பான் ஜான்லே 46.80 எடுத்துச் சாதனை செய்ததும் ரிலேயின் முதல் ஆளாகத்தான்.

இவ்வளவும் அந்தத் தொடுதலைச் சுற்றியே நடக்கிறது. அதனால் 'தொடுமாற்று நீச்சல்' என்று வைக்கலாமா? தொட்டதும் ஆள் மாறுகிறது. இதுவும் வினைத்தொகைதானே ஐயா?

தமிழாசிரியர்

'தொடுமாற்று' இலக்கணத்துக்கு ஒத்தது, எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் புதுச்சொல். 'தொடர்' இருக்கிற இடத்தில் அதன் வேரையே மறுபடி நடுவானேன்?

கடைசி ஆளைப் பற்றிச் சொன்னீர்கள். ஆங்கிலத்தில் நங்கூரம் என்கிறார்கள். நங்கூரம் போட்டால் கப்பல் நிற்கும், இங்கே ஆள் பறக்க வேண்டும். பழந்தமிழில் படையின் முன்னணி தூசி, பின்னணி கூழை. முதல் நீச்சலர் 'தூசி', கடைசி நீச்சலர் 'கூழை' என்று வழங்கலாம்.

பொறியாளர்

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். ஒலிபெருக்கியில் ஒரு பிள்ளையின் பெயரோடு 'தூசி' என்று அறிவித்தால் பெற்றவர்கள் மனம் நோகும். கூழைக்கும் இன்று கும்பிடுதான் துணை. 'முதல் ஆள்', 'முடிக்கும் ஆள்' போதும்.

மொழிபெயர்ப்பாளர்

புறப்படும் மேடைக்கு ஒன்று சொல்கிறேன். புறநானூறு 243-இல் அந்த முதியவர், மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் மருள மடுவில் 'துடுமெனப் பாய்ந்த' தன் இளமையை நினைக்கிறாரே, அங்கிருந்து எடுத்து 'பாய்மேடை' என்று வைத்தால்?

நூலகர்

பாய்மேடை மிக நன்று. எனக்கு மறுப்பே இல்லை.

பொறியாளர்

இதற்கு நானும் சரி.

பயிற்சியாளர்

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்தில் இருந்து அழைத்துவிட்டார்கள். கொடுத்த வரி: 'ஆடவர் 4×100 மீ. விருப்ப நீச்சல் – தொடர்நீச்சல்'. அடியில் சின்ன எழுத்தில் 'நால்வர் அணி. ஒருவர் சுவரைத் தொட்ட பிறகே அடுத்தவர் பாய்மேடையை விட்டு எழும்பலாம்' என்று சேர்த்திருக்கிறேன். ஆள் மாறும் அந்த இடத்துக்கு மட்டும் விதிமுறைத் தாளில் 'தொடுமாற்று' என்றே போட்டேன். பள்ளிகளில் தொடர் ஓட்டம் பழகியிருப்பதால் பெயரை மாற்றத் துணியவில்லை. விடாமல் நீந்துவதற்கு 'நெடுநீச்சல்' என்று இனிமேல் சொல்லிப் பழக்குகிறேன்.

நூலகர்

உங்கள் அவசரம் விளங்குகிறது, ஆனாலும் என் கருத்து மாறவில்லை. தமிழ் பேசும் ஒரு நாட்டில் பிள்ளைகள் அன்றாடம் வழங்கும் சொல்லை, இங்கே தபாலுக்குப் போய்விட்டது என்று தள்ளுவது சரியாகப் படவில்லை. அடுத்த ஆண்டுத் தாளில் அடைப்புக்குறிக்குள்ளாவது 'அஞ்சல் நீச்சல்' வரட்டும்.

மொழிபெயர்ப்பாளர்

நான் தொடுமாற்று நீச்சல் பக்கம்தான். 'விருப்ப நீச்சல்' பற்றியும் ஒன்று இருக்கிறது. நால்வரும் ஆளுக்கொரு வகையாக நீந்தும் மெட்லி ரிலேயில் கடைசி ஆள் நீந்துவதும் ஃப்ரீஸ்டைல்தான், ஆனால் அங்கே மல்லாந்தோ, மார்பு நீச்சலாகவோ, பட்டாம்பூச்சியாகவோ நீந்தக் கூடாது. அப்போது விருப்பம் எங்கே இருக்கிறது? மெட்லியைக் 'கலப்பு' என்று எழுதினால், டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்த ஆண்-பெண் சேர்ந்த அணிக்கு என்ன எழுதுவது?

தமிழாசிரியர்

மெட்லிக்குக் 'கதம்பம்' இருக்கிறதே அம்மா. நாலு வகைப் பூவும் ஒரே சரத்தில்! தொடை, தொடையல் பற்றி முன்பே எழுதினேன். விரிவாக நாளை எழுதுகிறேன்.