எழுதுகிறவருக்கு எழுதுகிறவர் துணை: உங்களுக்கு நடந்தது என்ன?

சாளரம்
போன இடத்திலிருந்தெல்லாம் திரும்பி வந்த சிறுகதை ஒன்று. காரணம் சொல்ல மாட்டார்கள், தெரிந்ததுதானே, ‘பிரசுரிக்க இயலவில்லை’ என்று ஒற்றை வரி. என்னைப் போலவே எழுதிக்கொண்டிருக்கும் ஓர் அக்காவிடம் கொடுத்தேன். என் எதிரிலேயே வாய்விட்டுப் படித்தார். இறந்துபோன அப்பாவின் செருப்பை மகள் வாசலிலிருந்து உள்ளே எடுத்து வைக்கிற இடத்தில் குரல் நின்றது. அந்த வரியைத் திரும்பவும் படித்தார். அதற்கு மேலே பென்சிலால் ஒரு கோடு இழுத்து, “கதை இங்கேதான் ஆரம்பிக்குது. முன்னாடி இருக்கறதெல்லாம் உனக்கு நீயே சொல்லிக்கிட்டது” என்றார். கோட்டுக்கு மேலே இருந்ததை எடுத்துவிட்டு அனுப்பினேன், பிரசுரமானது.

உறுத்துவது அதுவல்ல. அவருடைய நாவல் வருடக்கணக்காகக் கிடக்கிறது. படிக்கக் கேட்டால் “இன்னும் திருத்தணும்” என்று மடிக்கணினியை மூடிவிடுகிறார். இப்படிப் படிக்கத் தெரிந்தவர் தன் எழுத்தை யாரிடமும் காட்ட மாட்டேன் என்கிறாரே!

மைக்கூடு
சாளரம், உங்களுக்குக் கோடாவது கிடைத்தது. நாங்கள் சிலர் சேர்ந்து எழுதியதைப் படித்துக்கொள்வோம். என் அத்தியாயத்தை ஒருவர் கட்டைவிரலால் சர்ரென்று தள்ளிக்கொண்டே போனார். கடைசிப் பக்கம் வந்ததும் “அருமை” என்றார். அவருடையதை இரண்டு இரவு உட்கார்ந்து படித்துக் குறிப்பெழுதி வைத்திருந்தேன். அந்தக் கட்டைவிரல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் ஒன்று. முதல் பக்கங்களை வெட்டு என்பது எல்லோருக்கும் சொல்லப்படுகிற யோசனை. எல்லாக் கதைக்கும் பொருந்தாது.

பிழைதிருத்தி
தன் புத்தகத்தைப் பதிப்பகம் ஏற்றுக்கொண்ட செய்தி வந்த அன்றே தோழி என்னை அழைத்தாள். சந்தோஷத்தைச் சொல்லி முடித்த கையோடு, “உன் ஐந்தாம் அத்தியாயம் என்ன ஆச்சு?” என்றாள். என் கதை அவ்வளவுதான்.

மைக்கூடு, வெட்டுவதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ என்ற நெடுங்கவிதை 1922-ல் வெளிவருமுன் அவருடைய நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் கிட்டத்தட்டப் பாதியை வெட்டினார். எலியட் அந்தக் கவிதையை அவருக்கே சமர்ப்பித்தார். வெட்டியவர் மேல் கோபமிருந்தால் செய்வாரா? படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: வாங்கும்போதே “இப்போ உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேளுங்கள். முதல் வரைவு என்றால் ஒற்றுப்பிழையைத் தொடாதீர்கள், அந்தப் பத்தியே நாளைக்கு இருக்காது. எங்கே சலித்தது, எங்கே குழம்பியது, எங்கே திரும்பிப் போய்ப் படித்தீர்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். “நானா இருந்தா இப்படி எழுதியிருப்பேன்” மட்டும் வேண்டாம், அது உங்கள் கதை. பிடித்ததையும் இடம் சுட்டிச் சொல்லுங்கள். ‘அருமை’யை வைத்துக்கொண்டு யாரும் அடுத்த வரைவு எழுத முடியாது. பக்கத்துக்குப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள், நீங்கள் இருபது கொடுத்தால் அவரிடமும் இருபது வாங்குங்கள். மைக்கூடுக்கு நடந்தது நடக்காது.

ஓரக்குறிப்பு
பிழைதிருத்தி, கதையைப் பாதியில் விட்டீர்கள். இன்னொரு பாதியும் உண்டு. அத்தனை வெட்டுக்குப் பிறகு எலியட் தளர்ந்துபோய், பத்தே வரிகள் கொண்ட நான்காம் பகுதியையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். அது இருந்தே ஆக வேண்டும் என்றவரும் அதே பவுண்ட்தான்.

எனக்கு நடந்ததும் அந்த மாதிரிதான். நாவலில் பால்காரர் ஒருவர் ஒரே ஒரு பக்கம் வருவார், எடுத்துவிடப் போகிறேன் என்று நண்பரிடம் சொன்னேன். அதிகம் பேசாதவர். “அவர் சைக்கிள் மணியில நாக்கு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அவர் போனா நான் படிக்க மாட்டேன்” என்றார். அப்போது என் நாவலை முழுதாகப் படித்திருந்த ஒரே ஆள் அவர். பால்காரரை விட்டுவைத்தேன்.

சாளரம், அக்காவிடம் முழு நாவலையும் கேட்காதீர்கள். ஒரு பக்கம் கேளுங்கள், அதுவும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். அவர் உங்களுக்குச் செய்த மாதிரி அவர் எதிரிலேயே வாய்விட்டுப் படியுங்கள். கொடுத்தாரா என்று மறக்காமல் இங்கே எழுதுங்கள்.