தெர்மல் படித்துவிட்டு சிவிலில் பிஎச்டி: போகலாமா?

கேத்திப் பெண்:
பி.இ., எம்.இ. இரண்டும் மெக்கானிக்கல், எம்.இ.யில் தெர்மல், அதாவது வெப்பப் பொறியியல். பிஎச்டிக்கு மட்டும் சிவிலில், மண் இயக்கவியலுக்கு (சுமையிலும் நீரிலும் மண் எப்படி நடந்துகொள்ளும் என்ற படிப்பு) விண்ணப்பிக்க நினைக்கிறேன். 2009 நவம்பரில் நீலகிரியில் எங்கள் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது நான் நான்காம் வகுப்பு. எந்த மலைச்சரிவு எப்போது இறங்கும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. வீட்டிலோ துறை மாறாதே என்கிறார்கள்.

கோத்தகிரி சிவில்:
நானும் அதையேதான் சொல்வேன்மா. பதினெட்டு வருடமாக சிவில் வகுப்பெடுக்கிறேன். பிஎச்டி கிடைத்துவிடும், அப்புறம் வேலைதான் சிக்கல். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇயின் 2019 விதிப்படி, உதவிப் பேராசிரியர் ஆக பி.இ.யும் எம்.இ.யும் உரிய பாடப்பிரிவில் இருக்க வேண்டும். உங்கள் இரண்டு பட்டமும் மெக்கானிக்கல். இப்படித் துறை மாறிய ஒருவரை, நல்ல ஆய்வாளர், சான்றிதழ் சரிபார்ப்பிலேயே திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

குன்னூர் ரயிலடி:
வேலை விதியை வைத்து ஆராய்ச்சியை அளக்காதீர்கள் சார். மண் இயக்கவியலின் தந்தை என்கிறோமே கார்ல் டெர்சாகி, அவர் கிராட்ஸில் படித்தது மெக்கானிக்கல். 1925-ல் வந்த அவர் நூலில்தான் இந்தத் துறை காலூன்றியது. களிமண் நீரை இழந்து இறுகுவதற்கு அவர் எழுதிய சமன்பாடு அப்படியே வெப்பக் கடத்தல் சமன்பாட்டின் வடிவம். தெர்மல் படித்தவருக்கு அது பழகிய வீடு. மழைநீர் இறங்க இறங்க மண்ணின் துளைகளில் நீரழுத்தம் ஏறும், துகள்களுக்கு இடையே பிடிப்பு குறையும், சரிவு நழுவும். மலை ரயில் பாதையில் கல்லாறுக்கும் ஹில்குரோவுக்கும் நடுவே தண்டவாளத்தில் மண் விழுந்து ரயில் நின்றதை எத்தனை தடவை பார்த்துவிட்டேன்! இந்த வேலைக்கு ஆள் வேண்டும் சார்.

கோத்தகிரி சிவில்:
டெர்சாகி பட்டம் பெற்றது 1904-ல். நூல் வர 21 வருடம். இடையில் நிலவியல் (பாறைகளைப் பற்றிய படிப்பு) படித்தார், கட்டுமான இடங்களிலேயே கிடந்தார். சமன்பாட்டில் மண் ஒரே சீராக இருக்கும். நம் சரிவில் மேலே சிவப்பு மண், நடுவே பாதி சிதைந்த கல், அடியில் சார்னோகைட் பாறை. பத்தடி தள்ளினால் கணக்கே வேறு. நேர்முகத்தில் மோர் வட்டம் (தகைவுகளைக் காட்டும் வரைபடம், மெக்கானிக்கலிலும் உண்டு) கேட்டால் போட்டுவிடுவீர்கள் அம்மா, அட்டர்பெர்க் வரம்புகள் (எவ்வளவு ஈரத்தில் மண் குழையும், எவ்வளவில் வழியும் என்ற அளவுகள்) கேட்டால்? மெக்கானிக்கலிலேயே பதிவு செய்து, சிவிலில் ஒரு கோ-கைடு, அதாவது துணை வழிகாட்டி, வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கும் வழி அடைபடாது.

கேத்திப் பெண்:
அதையும் யோசித்தேன் சார். எம்.இ.யில் வேறு துறை ஆய்வகத்தில் ஒரு கருவிக்காக மூன்று மாதம் காத்திருந்தேன். அந்தத் துறை மாணவர்கள் முடித்த பிறகுதான் என் முறை. மண்ணின் வலிமையை அளக்கும் டிரையாக்சியல் சோதனைக்கு நான்கு வருடம் அப்படி நிற்க முடியாது. கல்லூரி வேலை கிடைக்காமல் போகலாம் என்பது புரிகிறது, அதற்குத் தயார். சிவிலுக்கே போடுகிறேன். ஆனால் அட்டர்பெர்க் என்றது உறைத்தது. நேர்முகத்துக்கு முன் உங்கள் ஆய்வகத்தில் செய்து பழக இடம் கிடைக்குமா?

கோத்தகிரி சிவில்:
என் கருத்து மாறவில்லை. துறைத்தலைவரிடம் நானே கேட்கிறேன். சனிக்கிழமை வாருங்கள், கேத்தியிலிருந்து ஒரு பை மண்ணும் எடுத்து வாருங்கள்.