ஹுதைபிய்யாவை முறித்தது யார்? முகத்தை மூடி வந்தவர்கள் பற்றி ஒரு மல்லுக்கட்டு

ஏட்டுப்பூச்சி:
நேற்று மணல்மேடு வேறோர் இழையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "ஹுதைபிய்யா உடன்படிக்கையை முறித்தது பனூ பக்ர். குறைஷியர் வீண்பழி சுமந்தார்கள்." படித்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 628ஆம் ஆண்டு ஹுதைபிய்யா என்ற இடத்தில் நபிகளாருக்கும் மக்காவின் குறைஷிக் கோத்திரத்துக்கும் பத்தாண்டுச் சமாதானம். எந்தக் கோத்திரமும் விரும்பிய பக்கம் சேரலாம். குஸாஆ கோத்திரம் நபிகளார் பக்கம் வந்தது. அதன் பரம்பரைப் பகையான பனூ பக்ர் குறைஷியர் பக்கம் போனது. இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. மக்காவுக்கு அருகே வத்தீர் என்ற நீர்நிலையில் தங்கியிருந்த குஸாஆவினரை, நவ்ஃபல் பின் முஆவியா தலைமையில் பனூ பக்ரின் தீல் கிளையினர் இரவோடு இரவாக வெட்டினார்கள். ஆயுதம் கொடுத்தது குறைஷியர். அது மட்டுமா? முகத்தை மூடிக்கொண்டு கூடவே போய்ச் சண்டையும் போட்டார்கள். குறைஷிப் பிரமுகர் ஸஃப்வான் பின் உமைய்யா போனார். இதில் வீண்பழி எங்கே இருக்கிறது?

மணல்மேடு:
வந்துவிட்டார் நீதிபதி. ஆயுதம் கொடுத்ததை நான் மறுத்தேனா? சண்டை போட்டார்கள் என்பதைத்தான் கேட்கிறேன். இருட்டு. முகத்தை மூடியிருக்கிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு பெயர்ப்பட்டியல் எப்படி வந்தது? பழைய வரலாற்றாசிரியர் வாகிதி வழியாக தபரி தரும் பட்டியலில் ஸஃப்வான், இக்ரிமா, சுஹைல். இன்னொரு வரலாற்றாசிரியர் இப்னு ஸஅதைத் திறந்தால் ஸஃப்வான், ஹுவைதிப், மிக்ரஸ். ஆள் மாறுகிறது, கதை மாறவில்லையாம்!

இன்னொன்றும் சொல்கிறேன். 624இல் நபிகளாரை எதிர்த்து பத்ர் போருக்குப் புறப்படும்போது குறைஷியர் தயங்கி நின்றது யாருக்குப் பயந்து? இதே பனூ பக்ருக்குத்தான். பின்னாலிருந்து தாக்கிவிடுவார்களோ என்று நடுங்கியவர்களுக்கு, பனூ பக்ரின் தாய்க் கோத்திரமான கினானாவின் சுராகா பொறுப்பேற்ற பிறகுதான் கால் நகர்ந்தது என்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகவா ஐந்தே வருடத்தில் உயிரைக் கொடுக்கப் போனார்கள்?

ஏட்டுப்பூச்சி:
இரண்டு பட்டியலிலும் ஸஃப்வான் இருக்கிறார். இதை நீங்கள் கவனிக்கவில்லையா, கவனித்தும் விழுங்கிவிட்டீர்களா?

நேற்றைய பகைவன் இன்றைய கூட்டாளி ஆவது அரேபியாவில் அதிசயமா? யஸ்ரிபில், அதாவது மதீனாவில், அவ்ஸ், கஸ்ரஜ் கோத்திரங்கள் புஆஸ் களத்தில் ஒருவரையொருவர் அறுத்துத் தள்ளிய சில ஆண்டுகளில் ஒரே அணியில் நின்றார்கள். குறைஷியருக்கு பனூ பக்ர் மேல் பாசம் எதுவும் இல்லை, குஸாஆ மேல் இருந்த எரிச்சல் போதுமானதாக இருந்தது. ஸஃப்வான் போனார். மீண்டும் எழுதுகிறேன், ஸஃப்வான் போனார்.

நடுவழியன்:
ஒரு சந்தேகம். உடன்படிக்கையில் சேர்ந்த கூட்டாளி தவறு செய்தால் தலைமைக் கோத்திரம் பொறுப்பா, இல்லையா? அதை முதலில் வரையறுத்துக்கொண்டால், ஸஃப்வான் போனாரா இல்லையா என்பதே தேவைப்படாதே?

கடலோரன்:
பனூ பக்ரின் முரட்டுத்தனம் ஊரறிந்தது. ஓர் ஒட்டகத்துக்காக நாற்பது வருடம் பசூஸ் போர் நடத்தியவர்கள் அல்லவா! அவர்களை யார் தடுத்திருக்க முடியும்? மணல்மேடு அண்ணன் சொல்வதே சரி.

ஏட்டுப்பூச்சி:
கடலோரன் அவர்களே, பசூஸ் போரை நடத்தியது பக்ர் பின் வாயில் என்ற வேறு கோத்திரம். தஃக்லிப் கோத்திரத்துடன் மோதியவர்கள், வடகிழக்கே ஈராக் எல்லை வரை பரவியிருந்தவர்கள். வத்தீரில் வெட்டியது கினானாவைச் சேர்ந்த பனூ பக்ர், மக்காவின் அண்டைவீட்டுக்காரர்கள். பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றா? சென்ற ரமழானில், அதே பக்ர் பின் வாயில் பாரசீகரோடு மோதிய தூ கார் போர் இழையிலும் இதையேதான் செய்தீர்கள். அப்போதும் திருத்தினேன். அதற்காக இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

கடலோரன்:
திருத்தியதற்காகப் பேசாமல் இருக்கவில்லை. திருத்திய விதத்துக்காக. "மதரஸாவுக்குத் திரும்பிப் போங்கள்" என்று எழுதினீர்கள். அழித்துவிட்டால் மறந்துவிடுவோமா?

கஸீதா ரசிகை:
ஆண்கள் இருவரும் ஸஃப்வானின் முகத்திரையை விலக்கிப் பார்த்து முடித்துவிட்டீர்கள் என்றால் நான் ஒன்று சொல்கிறேன். பகை வத்தீரில் தொடங்கவில்லை. தீல் கிளையின் அஸ்வத் பின் ரஸ்னுடைய பாதுகாப்பில் இருந்த ஹள்ரமி வணிகர் ஒருவரை குஸாஆவினர் தங்கள் நிலத்தில் கொன்று பொருளைப் பறித்தார்கள். அதற்குப் பழியாக பனூ பக்ர் ஒரு குஸாஆக்காரரைக் கொன்றது. அதற்குப் பழியாக அஸ்வதின் மகன்கள் மூவரை, ஸல்மா, குல்ஸூம், துஐப், அரஃபாவில் ஹரம் என்ற, கொலை கூடாத புனித எல்லையின் கற்களுக்கு அருகிலேயே குஸாஆ தீர்த்துக்கட்டியது. சாதாரண ஆட்கள் அல்ல, மற்றவர்களுக்கு ஒரு பங்கு என்றால் அந்த வீட்டாருக்கு இரத்த ஈட்டுத்தொகை இரு பங்கு. இஸ்லாம் வந்து எல்லோருடைய கவனமும் திரும்பியதால் கணக்கு நிலுவையில் நின்றது. சமாதானம் வந்ததும் நவ்ஃபல் நிலுவையை வசூலிக்கப் புறப்பட்டார்.

குஸாஆவினர் ஓடி ஹரமுக்குள் நுழைந்ததும் பனூ பக்ர் ஆட்களே பதறினார்கள்: "நவ்ஃபல், ஹரமுக்குள் வந்துவிட்டோம், உன் இறைவனை நினை!" அவர் சொன்ன பதில், இன்று இறைவன் இல்லை என்பது. ஹரமில் திருடுகிற நீங்கள் ஹரமில் பழிதீர்க்கமாட்டீர்களா என்றும் கேட்டார். இதை விட்டுவிட்டு யார் முகத்தை மூடினார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

மணல்மேடு:
நன்றி சகோதரி. ஆக, முதல் கொலை குஸாஆ செய்தது. குறைஷியர் இந்தக் கணக்கிலேயே இல்லை. முகம் மூடியவர்களை யார் அடையாளம் கண்டார் என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கஸீதா ரசிகை:
என் வாயில் சொற்களைத் திணிக்க வேண்டாம். குஸாஆ குற்றவாளி என்று நான் எழுதவில்லை. குஸாஆவின் அம்ர் பின் ஸாலிம் மதீனாவுக்குப் போய் நபிகளார் முன் பாடிய கவிதையைப் படியுங்கள். தன் தந்தைக்கும் நபிகளாரின் தந்தைவழிக்கும் இருந்த பழைய ஒப்பந்தத்தை நினைவூட்டித்தான் தொடங்குகிறார். குஸாஆவுக்கும் நபிகளாரின் பாட்டனார் அப்துல் முத்தலிபுக்கும் நடந்த ஒப்பந்தம் அது. குறைஷியர் வாக்கை முறித்தார்கள் என்றே அதில் பாடுகிறார்.

ஏட்டுப்பூச்சி:
பாருங்கள், பாதிக்கப்பட்டவனே குறைஷியர் என்கிறான்!

சரி, முகத்தை விடுங்கள், காலைப் பாருங்கள். குறைஷித் தலைவர் அபூ சுஃப்யான் எதற்காக மதீனாவுக்கு நடையாய் நடந்தார்? குற்றமற்றவன் சமாதானத்தைப் புதுப்பிக்க ஓடுவானா? நபிகளாரின் மனைவியான தன் மகள் உம்மு ஹபீபா வீட்டுக்குப் போனார். விரிப்பில் உட்காரப் போனவரின் கண்ணெதிரே மகள் அதைச் சுருட்டினார். விரிப்பு எனக்குத் தகாதா, நான் விரிப்புக்குத் தகாதவனா என்று கேட்டார். இது இறைத்தூதரின் விரிப்பு, நீங்கள் அசுத்தமான இணைவைப்பாளர் என்றார் மகள். குறைஷியரின் தலைவருக்குப் பெற்ற மகள் வீட்டில் உட்கார இடமில்லை. அபூபக்ர் கைவிரித்தார், உமர் விரட்டினார், அலீ ஒரு யோசனை சொன்னார்: நீரே எழுந்து பாதுகாப்பு அறிவித்துவிட்டு ஊர் போய்ச் சேரும். அப்படியே செய்தார். மக்காவில் சிரித்தார்கள், அலீ உன்னோடு விளையாடிவிட்டார் என்று. வீண்பழி சுமந்தவர் படும் பாடா இது?

இதற்கு மேலும் வேண்டுமா? 630இல் பத்தாயிரம் பேரோடு நபிகளார் மக்காவுக்குள் வந்தபோது ஏறக்குறைய ஊரே கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. மக்காவின் கந்தமா மலையருகே நபிகளாரின் தளபதி காலிதின் படையை எதிர்த்து நின்றவர்கள் யார்? ஸஃப்வான், இக்ரிமா, சுஹைல். உங்கள் இருட்டுப் பட்டியலின் அதே மூவர், பகல் வெளிச்சத்தில்!

மணல்மேடு:
அதனால்தான் பின்னால் வந்தவர்கள் அந்த மூன்று பெயரையும் வத்தீருக்கும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்கிறேன். உங்கள் ஆதாரமே என் ஆதாரம். அபூ சுஃப்யான் போனதும் அப்படித்தான். உடன்படிக்கையை முறிக்க நினைத்தவர் அதைப் புதுப்பிக்கப் போவாரா? தலைவருக்கே தெரியாமல் நடந்த வேலைக்கு முழுக் கோத்திரமும் குற்றவாளியா?

நடுவழியன்:
இதைத்தான் நான் அப்போதே கேட்டேன். கோத்திரம் என்பது எதுவரை...

ஏட்டுப்பூச்சி:
நடுவழியன், தயவுசெய்து குறுக்கே வராதீர்கள்.

மணல்மேடு, "எடுத்துப் போட்டார்கள்" என்பது உங்கள் கற்பனை. ஸஃப்வானை உங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பது எனக்குத் தெரியும். மக்கா வெற்றிக்குப் பின் ஹவாஸின் கோத்திரத்தோடு நடந்த ஹுனைன் போரில், இஸ்லாத்தை ஏற்காத நிலையிலேயே, ஹவாஸின்காரன் ஆள்வதைவிடக் குறைஷி ஒருவன் என்னை ஆளட்டும் என்றாரே, அந்த வசனத்தை உங்கள் முகப்பில் ஒட்டிவைத்து ஒரு வருடமாகிறது. கோத்திரப் பெருமை உங்களுக்கு அவ்வளவு இனிக்கிறது.

மணல்மேடு:
என் முகப்பில் நான் எதையும் ஒட்டுவேன். நீங்கள் உங்கள் ஆசிரியர் பெயரைச் சொல்லிக்கொண்டே திரிவதை நான் கேட்டேனா?

கடலோரன்:
குஸாஆவை எல்லோரும் தூக்கிவைத்து ஆடுகிறீர்கள். மக்கா கைக்கு வந்த மறுநாளே ஹுதைல்காரன் ஒருவனைப் பழைய பகைக்காகக் கொன்றது அதே குஸாஆதான். நபிகளார் கொலையை நிறுத்துங்கள் என்று கண்டித்து, ஈட்டுத்தொகையைத் தாமே கொடுக்க வேண்டியதாயிற்று. இதில் நான் ஒன்றும் குழப்பவில்லையே, ஏட்டுப்பூச்சி அவர்களே?

ஏட்டுப்பூச்சி:
இல்லை, இந்த முறை குழப்பவில்லை. ஆனால் அதற்கும் ஸஃப்வானுக்கும் என்ன தொடர்பு?

கஸீதா ரசிகை:
எல்லாவற்றுக்கும் ஸஃப்வானா? குறைஷியரின் மூதாதை குஸை காலத்தில் கஅபாவின் பொறுப்பை குஸாஆவிடமிருந்து பறித்ததே குறைஷியர்தான். அதற்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். குஸையின் மாமனாரான குஸாஆத் தலைவர் ஹுலைல் தாமாகக் கொடுத்தாரா, இல்லையா என்பதை அங்கே பேசலாம்.

மணல்மேடு:
அங்கே வருகிறேன். ஏட்டுப்பூச்சி வந்தால் முதலில் முகத்தைப் பார்த்தவர் பெயரோடு வரட்டும்.