சம்பா வயலில் உளுந்து தெளிப்பது வேதத்துக்கு விரோதமா?

கடைமடைக்காரி:
பொறையாற்றுப் பக்கம் கடைமடையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், உளுந்து தெளித்துவிடுவோம். அறுத்த பிறகு மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது வந்துவிடும். டெல்டாவில் எல்லோரும் செய்வதுதான். இந்த ஆண்டு விதை மூட்டை வீட்டைவிட்டு நகரவில்லை.

வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வந்த ஊழியக்காரர் ஒருவர் லேவியராகமம் 19:19-ஐ வாசித்து, ஒரே வயலில் இருவகை விதை போடுவது தேவ கட்டளையை மீறுவது என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாமியார் உளுந்தைத் தொட விடவில்லை. அவரை விவரம் அறியாதவர் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆண்டுதோறும் ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை வாசித்து முடிப்பவர். “அது பழைய ஏற்பாடு, அத்தை” என்றேன். “பிறனிடத்தில் அன்புகூரச் சொன்னதும் அதே அதிகாரம்தானே? அதையும் விட்டுவிடலாமா?” என்று கேட்டார். முந்தைய வசனம்தான் அது. இயேசுவே எடுத்துச் சொன்னது. என்னிடம் பதில் இல்லை.

ஆவிக்குரியவற்றை ஆவியால் நிதானிக்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 2-இல் பவுல் எழுதுகிறார். அதைச் சொல்லவும் அச்சமாக இருக்கிறது. “ஆவியானவர் எனக்கு உணர்த்தினார்” என்று சொல்லியே தமக்குப் பிடிக்காத வசனங்களையெல்லாம் ஒதுக்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்தை அப்படியே பிடிப்பதற்கும் இஷ்டப்படி வளைப்பதற்கும் நடுவில் வரப்பு எங்கே இருக்கிறது? வயலில் ஈரம் இன்னும் சில நாள்தான் தாங்கும்.

ஆடுதுறை விவசாயி:
தங்கச்சி, நாற்று விட்டது ஆவணியில், உளுந்து விழுவது தையில். இதில் விதை எங்கே கலக்கிறது? உளுந்தின் வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கிறது. நிலத்தைப் படைத்தவர் அதை வெறுப்பாரா? ஆடுதுறை 3 ரகம் வைத்திருந்தால் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பிசிறி, நிழலில் உலர்த்தித் தெளியுங்கள். தாமதிக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற போதகர்:
மகளே, தம்பி சொன்ன மாதக் கணக்கு சரிதான். ஆனால் வசனத்தில் சந்து தேடுவதாகவே உன் மாமியாருக்குப் படும். அதே வசனத்தின் பிற்பகுதியை அவரோடு உட்கார்ந்து வாசி. இருவகை நூல் கலந்த துணி கூடாது என்கிறது. ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் என்று உபாகமம் 22 விளக்குகிறது. யாத்திராகமம் 28-க்குப் போ. ஆசாரியனுடைய ஏபோத் என்னும் மேலாடையில் சாயம் தோய்த்த நூலும் பஞ்சுநூலும் சேர்ந்தே வருகின்றன. சாயநூல் ஆட்டுமயிர்தான் என்பது யூத மரபு. கலப்பு தன்னிலே பாவமாக இருந்தால் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போயிருக்குமா? இஸ்ரவேலைப் பிற ஜனங்களிடமிருந்து பிரித்துக் காட்டிய அடையாளங்களில் ஒன்றாகவே இதை நான் வாசிக்கிறேன்.

வரப்பு கேட்டாய். அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஐப் பார். யூதரல்லாத புறஜாதியார் மோசேயின் பிரமாணத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்ற வழக்கு எருசலேமுக்கு வந்தது. மிகுந்த தர்க்கம் நடந்தது. பேதுரு தாம் கண்டதைச் சொன்னார், பவுலும் பர்னபாவும் சொன்னார்கள், யாக்கோபு ஆமோஸின் வாக்கை எடுத்து வைத்தார். அதன்பின்தான், விக்கிரகப் படையல், இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகியவற்றுக்கு விலகினால் போதும் என்று பரிசுத்த ஆவியின் பெயரால் எழுதினார்கள். ஒருவர் தனியறையில் தீர்த்ததல்ல அது. சாத்தானும் 91-ஆம் சங்கீதத்தைக் காட்டித்தான் தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான். இயேசு உபாகமத்தைக் கொண்டு பதில் சொன்னார். வசனத்தை வசனத்தோடு வைத்து, சபையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

தஞ்சைக்காரன்:
அக்கா, ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் எழுத்தை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக எழுதியபோது தஞ்சையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அது உலக வழக்கம், விசுவாசத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வாதாடினார்கள். யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று கலாத்தியர் 3:28 வெளிப்படையாகச் சொல்கிறது. அதை ஆத்துமாவுக்கு மட்டும் உரியதாக்கிவிட்டால் கோயிலில் யாரும் இடம் மாறி உட்கார வேண்டியதில்லை! கோயிலில் தனி வரிசையில் உட்கார வைக்கப்பட்ட குடும்பம் எங்களுடையது. எங்களுக்கு எழுத்துத்தான் அரண்.

அதனால் நான் முதலில் கேட்பது, ஒரு வசனத்துக்கு ஆவிக்குரிய அர்த்தம் சொல்வதால் யாருக்கு லாபம் என்பதுதான். அதே 19-ஆம் அதிகாரம், 13-ஆம் வசனம்: கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது. அதற்கு யாராவது ஆவிக்குரிய அர்த்தம் சொல்ல வந்தால் சம்மதிக்காதீர்கள். உளுந்து யாரையும் ஒடுக்கவில்லை. தெளியுங்கள்.

கடைமடைக்காரி:
அண்ணா, நேற்று மாலை தெளித்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி.

தம்பி எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கூலி வசனத்தில் நிறுத்தச் சொன்னார். களை பறித்தவர்களுக்குப் பாக்கி ஏதும் உண்டா என்று மாமாவைக் கேட்டார். இரண்டு பேருக்கு இருந்தது. நெல் விற்ற பணம் வரட்டும் என்றார் மாமா. அத்தை விடவில்லை, இரவே கொடுத்தனுப்பினார். விதை வசனத்தில் அவருக்கு முழுச் சம்மதம் இன்னும் வரவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை.

ஐயா, நடபடிகள் 15-ஐ வாசித்துவிட்டு அவர் இன்னொன்று கேட்கிறார். இரத்தத்துக்கு விலகும்படி எருசலேம் சபையே எழுதியிருக்கும்போது, கிறிஸ்துமஸுக்கு நம் வீடுகளில் ஆட்டு இரத்தம் பொரிக்கிறோமே, அது எப்படி? இனி நம் வீட்டில் வேண்டாம் என்கிறார். அவருக்கு என்ன சொல்லட்டும்?