புதுசா வந்தவங்களுக்கு: ஒரே பாத்திரத்துல காய்கறி ஸ்டூ, எது எப்ப போடணும்னு தெரிஞ்சா போதும்

புது ஊருக்கு வந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு, ஒரு பாத்திரம் ஒரு கத்தி தவிர ஒண்ணும் இல்ல, என்ன சமைக்கிறதுன்னு கேட்டிருந்தீங்கல்ல, என் பதில் காய்கறி ஸ்டூதான். ரெசிபி தேடிட்டு உக்காராதீங்க. ரெசிபில சொல்ற காய் உங்க பக்கத்து கடைல இருக்காது, கடைல இருக்கறது ரெசிபில இருக்காது, கடைசில வெறும் பிரெட்ட தின்னுட்டு படுத்துடுவீங்க. என்ன காய்ங்கறது முக்கியமே இல்ல, எது எப்ப உள்ள போகுதுங்கறதுதான் விஷயம்.

நான் முதல் தடவ பண்ணப்ப உருளைக்கிழங்கு, கேரட், தக்காளி எல்லாத்தையும் ஒண்ணா கொட்டி மூடி வச்சிட்டேன், முக்கா மணி நேரம் ஆகியும் கிழங்கு நறுக்குன்னு இருக்கு, அடுப்பு சரியில்லன்னு அத போட்டு திட்டிட்டு இருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, வேலைய காட்டினது தக்காளி. புளிப்பு சேர்ந்தா கிழங்கு வேக நேரமாகும், ஏன்னா காயை கெட்டியா பிடிச்சு வச்சிருக்கற பெக்டின் புளிப்புல லேசுல கரையாது. அதனால தக்காளியோ எலுமிச்சையோ, எந்த புளிப்பா இருந்தாலும் கிழங்கு வெந்த பிறகுதான்.

ரெண்டு பேருக்குன்னா ஒரு பெரிய வெங்காயம், ரெண்டு கிழங்கு, ரெண்டு கேரட், அதோட கைல கிடைக்கற வேற காய் ஏதாவது. வெங்காயத்த எண்ணெயில கொஞ்சம் உப்பு போட்டு மிதமான சூட்டுல ஒரு 10 நிமிஷம் வதக்குங்க. இதுல அவசரப்படாதீங்க, ஸ்டூவோட ருசில பாதி இங்கதான் இருக்கு, உப்பு போட்டா வெங்காயம் தண்ணி விடும், கருகாது. பூண்டு, மிளகு எல்லாம் அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் வதங்கினா போதும். அடுத்து கிழங்கும் கேரட்டும், கேரட் வேக லேட்டாகும் அதனால கிழங்க விட சின்னதா நறுக்குங்க. காய் முங்கற அளவுக்கு மட்டும் தண்ணி, அதுக்கு மேல ஊத்தினா சூப் ஆயிடும். மூடி போட்டு 15, 20 நிமிஷம் லேசா கொதிக்கட்டும், கத்திய குத்தி பாருங்க, சுலபமா இறங்கினா தக்காளி போடலாம். காலிஃப்ளவர், பீன்ஸ் மாதிரி காய்க்கு ஒரு 10 நிமிஷம், ஃப்ரோசன் பட்டாணிக்கு 3 நிமிஷம், கீரை இருந்தா கடைசியா போட்டு ஒரு கிளறு.

தண்ணியா இருக்கா? மாவு எதுவும் கரைச்சு ஊத்த வேணாம், நாலு கிழங்கு துண்ட கரண்டியால மசிச்சு விட்டா தானா கெட்டியாயிடும். தேங்காப்பால் சேர்க்கறவங்க தீய நல்லா குறைச்சிட்டு ஊத்துங்க, தளதளன்னு கொதிச்சா திரிஞ்சிடும். ஸ்டாக் க்யூப்ல (தண்ணில கரைச்சா சூப் ருசி குடுக்கற சின்ன கட்டி) ஏற்கனவே உப்பு நிறைய இருக்கு, அத போட்டா மிச்ச உப்ப கடைசியில ருசி பாத்துட்டு போடுங்க (நான் பாக்காம போட்டு ஒரு பாத்திரம் முழுக்க குப்பைல கொட்டினேன்).

பழைய மாடல் கரண்ட் அடுப்புல குறைச்சாலும் சூடு உடனே குறையாது, அதனால கொதி வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடியே குறைச்சிடுங்க. வீட்டுல இண்டக்‌ஷன்னா பாத்திரத்தோட அடியில காந்தம் ஒட்டுதான்னு பாத்துட்டு வாங்குங்க, ஒட்டலன்னா சூடாகாது.

மிச்சத்த ராத்திரி முழுக்க அடுப்பு மேலயே விடாதீங்க, 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க, 3 நாள் தாங்கும். ஃப்ரீசர்லயும் வைக்கலாம், ஆனா கிழங்கு மட்டும் மணல் மணலா ஆயிடும், எனக்கு பிடிக்கல.

அப்புறம் ஸ்லோ குக்கர்ல (குறைஞ்ச சூட்டுல மணிக்கணக்கா வேக வைக்கற கரண்ட் பாத்திரம்) ராஜ்மா போடலாமான்னு கேட்டவருக்கு: டின்ல வர்றது ஏற்கனவே வெந்தது, கழுவிட்டு தாராளமா போடுங்க. காஞ்சத மட்டும் நேரா போட்டுடாதீங்க, அதுல இருக்கற ஒரு நச்சு அந்த குறைஞ்ச சூட்டுல போகாது, வாந்தி வயித்துப்போக்குல கொண்டு போய் விட்டுடும். ராத்திரி ஊற வச்சு, அந்த தண்ணிய கொட்டிட்டு, புது தண்ணில அரை மணி நேரம் நல்லா கொதிக்க விட்டுட்டு அப்புறமா ஸ்லோ குக்கருக்கு மாத்துங்க.