எம்.எஸ். டிஸ்மிஸல் அப்பீல்: இன்னும் 6 நாள்தான், உதவி தேவை

அமெரிக்காவில் எம்.எஸ்., எஃப்-1 விசா. 2 செமஸ்டர், 18 கிரெடிட். நாலு பி, ரெண்டு சி, ஜி.பி.ஏ. 2.67. 3.0-க்குக் கீழே இருப்பதால் படிப்பிலிருந்து நீக்கும் டிஸ்மிஸல் கடிதம் வந்துவிட்டது. அப்பீலுக்கு 10 நாளில் 4 போய்விட்டது.

அட்வைசர் ஆதரவுக் கடிதம் தருகிறார். கணக்கும் போட்டுவிட்டேன்: அடுத்த 3 பாடத்திலும் ஏ மைனஸ் வந்தால் 3.01. ஒன்று பி பிளஸ் ஆனாலே 2.97, தேறாது.

அப்பீல் முடியும்வரை செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் தரவுத்தளம்) பதிவை முடிக்க வேண்டாம் என்று சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. விசா நிலையைக் காக்கவில்லை என்று முடித்தால் நாட்டைவிட்டுக் கிளம்ப ஒருநாள்கூட அவகாசம் கிடையாது, அதுதான் பயம்.

ரெண்டு சி-யும் குடல்வால் ஆபரேஷன் நடந்த செமஸ்டரில் வந்தவை. தேதியோடு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறது. அந்தப் பாடங்களுக்கு முன்தேதியிட்ட மருத்துவ விலகலை (உடல்நலக் காரணத்தால் அப்போதே பாடத்திலிருந்து விலகியதாகப் பதிவதை) அப்பீலோடு சேர்த்தே கேட்கலாமா, அப்பீல் முடிந்தபின் தனியாகக் கேட்க வேண்டுமா?